குருக்கத்திக் கொடி

(மகா சம்ப்ரோட்சணப் பெருவிழாவின் மூன்றாம் நாள் மாலை, திருக்கோயில் நந்தவன மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யாகசாலையில் வேத பாராயணமும் திவ்வியப் பிரபந்த சேவையும் இடையறாது ஒலிக்கும் இந்நன்னாளில், கற்றுத் துறைபோய சான்றோர் பலர் பேசிய இம்மேடையில் அடியேனையும் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். தத்துவ நூல்களில் எனக்குப் பயிற்சி குறைவு. முப்பது ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் மாணவர்க்குச் செடிகொடிகளைப் பற்றிக் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே, எனக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டே எம்பெருமானை வணங்குவது தக்கது எனக் கருதினேன். நீங்கள் அமர்ந்திருக்கும் இடத்திற்கு நேரே, கற்கால்களின்மேல் படர்ந்து, இம்மாசி மாதத்தில் மணம் வீசி நிற்கும் குருக்கத்திக் கொடியைப் பற்றியே இன்று பேசப் போகிறேன். 'கொடியைப் பற்றிக் கூற என்ன இருக்கிறது?' என்று சிலர் எண்ணலாம். இக்கொடிக்கு நான் இழைத்த பிழை ஒன்று இருக்கிறது. அதனையும் இச்சபையில் விண்ணப்பம் செய்துகொள்ள வேண்டும் என்பது என் நெடுநாளைய அவா.

முதலில் இக்கொடியின் பெருமையைக் காண்போம். தமிழில் குருக்கத்தி என்றும் குருகு என்றும் வழங்கும் இதனை வடமொழியாளர் மாதவி, வாசந்தி, அதிமுக்தம் எனப் பல பெயரிட்டு அழைப்பர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொடுத்துத் தந்த தொண்ணூற்றொன்பது மலர்களுள் குருக்கத்தியும் ஒன்று. சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்குத் தாழை மடலில் முடங்கல் வரைகின்றாள். அம்மடலைச் சூழ்ந்த மாலையில் செண்பகத்தோடு மாதவிப் பூவும் இடம் பெறுகின்றது. தன் பெயர் கொண்ட மலரையும் தன் தூதாக அவள் அனுப்பினாள் போலும்!

சமயத் துறையிலோ இதன் ஏற்றம் இன்னும் பெரிது. முதலாழ்வார் மூவருள் பொய்கையாழ்வார் காஞ்சியில் தாமரையிலும், பேயாழ்வார் மயிலையில் செவ்வல்லியிலும் அவதரித்தனர் என்றும், பூதத்தாழ்வார் கடல்மல்லையில் குருக்கத்தி மலரில் அவதரித்தார் என்றும் குருபரம்பரை கூறும். மற்றை இரண்டும் நீர்ப்பூக்கள். குருக்கத்தி ஒன்றே கொடிப்பூ. ஆண்டாளும் திருப்பாவையின் பதினெட்டாம் பாசுரத்தில் நப்பின்னையை எழுப்புமிடத்து, மாதவிப் பந்தலையும் அதன்மேல் அமர்ந்து கூவும் குயில்களையும் நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகின்றாள். சைவப் பெருமக்களுக்கும் இக்கொடி அயலன்று. கொங்கு நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் ஏழனுள் ஒன்றாகிய திருமுருகன்பூண்டியில் குருக்கத்தியே தலமரம். அத்தலத்திற்கு மாதவிவனம் என்ற பெயரும் உண்டு. கொடியாகிய ஒன்றைத் தலமரம் எனப் போற்றுவதிலும் பொருத்தம் உண்டு என்பது அதன் உருவத்தை உற்று நோக்கினால் விளங்கும்.

அன்பர்களே! கொடி என்றவுடன் அவரையும் பாகலும் நம் நினைவிற்கு வருகின்றன. அவை ஓராண்டு வாழ்ந்து மடியும் மென்கொடிகள். குருக்கத்தி அத்தகையதன்று. இது வயிரம் பாயும் கொடி. இளமையில் விரல் அளவாய், வெண்பட்டுப் போன்ற மெல்லிய மயிர் போர்த்துத் தோன்றும் தண்டு, ஆண்டுகள் செல்லச் செல்லக் கைப்பருமனாகிப் பின்னர் மரம்போல் தடித்து முறுகும். பழைய கொடியின் அடித்தண்டைக் கண்டால், தேர் வடத்தை முறுக்கி நிலத்தில் ஊன்றியதுபோல் இருக்கும். ஓங்கிய மரம் கிடைத்தால் அதன் உச்சிவரை ஏறிச் செல்லும். பற்றுக்கோடு ஒன்றும் கிடையாவிடின், தன் கிளைகளையே ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு புதர்போல் நிற்கும்.

இலைகள் கணுதோறும் இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்திருக்கும். ஒவ்வொன்றும் 10 முதல் 20 சென்டிமீட்டர் நீளமுள்ளது. அதாவது அரைச்சாண் முதல் ஒரு சாண் வரை எனலாம். வேல்முனை போல் நுனி கூர்ந்து, தோல்போல் தடித்து, மேற்புறம் பளபளப்பாக இருக்கும். தளிர்களோ செம்பின் நிறம் ஏறி, துவண்டு தொங்கும்.

பூவைப் பற்றிக் கூறும்போது ஆசிரியனாகிய நான் சற்றே நீட்டிப் பேசினால் பொறுத்தருள வேண்டும். இலைக் கக்கங்களிலும் கிளை நுனிகளிலும் கொத்துக் கொத்தாகப் பூக்கும். ஒவ்வொரு பூவிற்கும் இதழ்கள் ஐந்து. நான்கு இதழ்கள் இளஞ்சிவப்புத் தோய்ந்த வெண்மை. ஐந்தாவது இதழில் மட்டும் மஞ்சள் தீற்றியிருக்கும். மங்கல நாளில் வெள்ளைத் துணியின் ஒரு மூலையில் மஞ்சள் தடவுவோம் அன்றோ, அதுபோல! இதழ்களின் ஓரம் நறுக்கிவிட்ட குஞ்சம்போல் நூல்நூலாகப் பிரிந்திருக்கும். மகரந்தத் தாள்கள் பத்து. அவற்றுள் ஒன்றுமட்டும் ஏனையவற்றை விட நீண்டு வளைந்து நிற்கும். இன்னொரு விந்தையும் உண்டு. சில பூக்களில் சூல்தண்டு இடப்புறம் வளையும். சிலவற்றில் வலப்புறம் வளையும். ஒரு பூவிற்கு மற்றது கண்ணாடியில் தெரியும் நிழல்போல் இருக்கும். வரும் பெருந்தேனீயின் உடலில் ஒரு பூவின் மகரந்தம் ஒரு பக்கத்தில் படிந்து, எதிர்ப்பக்கம் வளைந்த பூவின் சூல்முடியைச் சேர்வதற்கு இவ்வமைப்பு உதவுகின்றது.

பூ உதிர்ந்தபின் தோன்றும் காயின் அமைப்போ படைத்தவன் கைத்திறத்திற்குச் சான்று. அதற்கு மூன்று சிறகுகள் உண்டு. நடுச்சிறகு நீண்டது, பக்கச் சிறகுகள் இரண்டும் குட்டையானவை. முற்றிக் காய்ந்ததும் அது கொடியை விட்டுச் சுழன்று சுழன்று காற்றில் மிதந்து செல்லும். மேலைநாட்டுத் தாவர நூலார் இக்கொடியின் இனத்திற்கு, பறத்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஹிப்டேஜ்' எனப் பெயரிட்டதும் இச்சிறகுகளைக் கண்டேயாம்.

இனி, இக்கொடி வளரும் இயல்பை ஆராய்வோம். கொடிகள் ஏறும் வகை பலவாகும். வெற்றிலையும் மிளகும் கணுக்களில் தோன்றும் வேர்களால் மரத்தைப் பற்றி ஏறுகின்றன. பாகலும் பிரண்டையும் பற்றுக்கம்பிகளை நீட்டிப் பிடித்துக்கொள்கின்றன. பிரம்பு தன் வளைந்த முட்களை மாட்டி மேலே செல்கின்றது. குருக்கத்திக்கு இவற்றுள் எதுவும் இல்லை. தன் உடம்பையே கையாக்கிக்கொண்டு, பற்றுக்கோட்டைச் சுற்றிச் சுற்றித் தழுவி ஏறுகின்றது. ஒரு பகுதியைக் கொண்டு பற்றாமல், முழுவதையும் கொடுத்துப் பற்றுவது இதன் இயல்பு.

'தானே நிற்கமாட்டாத கொடி மரத்தைவிடத் தாழ்ந்ததன்றோ?' என்று என் மாணவர் சிலர் வினவியதுண்டு. அவர்களுக்கு நான் கூறிய விடை இது: மரம் தன் எடையைத் தானே தாங்க வேண்டியிருப்பதால், தன் உணவின் பெரும்பகுதியை அடிமரம் கட்டுவதிலேயே செலவிடுகின்றது. வன்கொடியோ அச்செலவைச் சுருக்கி, நீளத்திற்கும் இலைக்கும் பூவிற்கும் அதனைப் பயன்படுத்துகின்றது. தண்டு மெலிந்திருந்தும் உச்சியில் உள்ள இலைகளுக்கெல்லாம் நீர் குறைவதில்லை. ஏனெனில், அதன் உள்ளே நீர் ஏறும் குழாய்கள் மரத்தின் குழாய்களைவிட அகன்றவை. பற்றி நிற்கும் ஒன்று, பற்றியதனாலேயே ஏழையாகிவிடுவதில்லை.

இது பிறர் உணவைத் திருடுவதும் அன்று. புல்லுருவி மாமரத்தின் கிளைக்குள் தன் வேரைச் செலுத்தி அதன் சாற்றை உறிஞ்சி வாழ்வதை நீங்கள் அறிவீர்கள். குருக்கத்தி அவ்வாறு செய்வதில்லை. தன் வேரால் மண்ணின் நீரை உண்டு, தன் இலையால் கதிரவன் ஒளியைப் பெற்றுத் தன் உணவைத் தானே சமைத்துக்கொள்கின்றது. அது மரத்தினிடம் வேண்டுவது சாற்றை அன்று. ஒளியை அடைவதற்கு ஒரு தோளை மட்டுமே.

ஆயினும், நடுநிலை தவறாமல் மறுபக்கத்தையும் கூற வேண்டும். காவலும் கத்தரிப்பும் இன்றி விட்டால் இக்கொடி தன்னைத் தாங்கிய மரத்தின் உச்சியை மூடிவிடும். ஒளி பெறாத மரம் நாளடைவில் நலிந்து போகும். சுமை தாங்காமல் கிளை முறிவதும் உண்டு. இந்துமாக் கடலில் உள்ள மொரீஷியஸ், ரீயூனியன் ஆகிய தீவுகளுக்கு அழகுக் கொடியாகக் கொண்டு செல்லப்பட்ட குருக்கத்தி, அங்குள்ள காடுகளில் கட்டின்றிப் பரவி, அந்நாட்டு மரங்களை அமுக்கிவிட்டது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தைச் சார்ந்த அறிஞர் குழு 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட, மிகத் தீங்கு பயக்கும் அயல் உயிரினங்கள் நூறு என்னும் பட்டியலில் இதன் பெயரும் இருக்கிறது. ஆழ்வார் அவதரித்த கொடி, ஆண்டாள் பாடிய கொடி, வேறொரு நிலத்தில் பகையாக எண்ணப்படுகின்றது! கொடியின் குணம் மாறியதன்று. அதனை நாள்தோறும் நோக்கும் கை அங்கே இல்லாமற் போயிற்று. பந்தலும் கத்தரிக்கோலும் உள்ள இடத்தில் மாதவியாவது, அவை இல்லாத இடத்தில் மாளாக் களையாகின்றது.

இவ்விடத்தில்தான் என் பிழையைக் கூற வேண்டும்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த திருப்பணியின்போது நானும் குழுவில் ஒருவனாக இருந்தேன். அந்நாளில் இக்கொடிக்குப் பந்தல் இல்லை. வடமேற்கு மூலையில் உள்ள மகிழ மரத்தின்மேல் ஏறி, அதன் முடியைப் பாதிக்குமேல் மூடியிருந்தது. மகிழம் இளைத்து வருவதைக் கண்ட குழுவினர், 'ஐயா, நீங்கள்தாம் செடிகொடிகளைக் கற்றவர்; என்ன செய்யலாம்?' என்று என்னைக் கேட்டனர். நான் சிறிதும் தயங்காமல், 'கொடியை வெட்டிவிடுங்கள். இல்லையேல் மரம் பிழைக்காது' என்றேன். அன்று மாலையே ஆட்கள் அடித்தண்டை அறுத்து வீழ்த்தினர். மூன்று தலைமுறை கண்ட கொடி அரை நாழிகையில் விறகாயிற்று.

இந்நந்தவனத்தில் நாற்பது ஆண்டுகளாகப் பூக்கைங்கரியம் செய்துவந்த முதியவர் ஒருவர் அன்று ஊரில் இல்லை. மறுநாள் விடியற்காலை குடலையோடு வந்தவர், வெட்டுண்ட அடியைக் கண்டு நெடுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். பிறகு என்னைப் பார்த்து, 'தம்பி, மரத்துக்குப் பாரம் என்றால் கொடியைக் கொஞ்சம் கழித்து, இறக்கிப் பந்தலில் விட்டிருக்கலாமே. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே' என்றார். அவர் குரலில் சினம் இல்லை. அதுவே என்னை மிகவும் சுட்டது. மரத்தைக் காக்க வேண்டும் என்று நான் எண்ணியது தவறன்று. கத்தரிக்க வேண்டிய இடத்தில் அறுத்ததுதான் தவறு. கொடி மரத்தை மூடும் என்பது வரையில் என் படிப்பு எனக்குச் சொல்லிற்று. அதனை எப்படி வைத்து வாழ்வது என்பதை அம்முதியவரின் கை அறிந்திருந்தது.

ஐப்பசித் திங்கள் அவிட்ட நாள் பூதத்தாழ்வாரின் திருநட்சத்திரம் என்பதை அன்பர்கள் அறிவீர்கள். அப்பருவத்தில் குருக்கத்தி பூப்பதில்லை. ஆகையால் அம்முதியவர் ஆண்டுதோறும் அந்நாளில் இக்கொடியின் தளிர் ஒன்றைக் கிள்ளி ஆழ்வார் திருவடியில் சேர்ப்பிப்பது வழக்கம். அவ்வாண்டு அந்நாள் வந்தபோது, என்ன செய்வாரோ என்ற கலக்கத்தோடு நானும் நந்தவனத்திற்குச் சென்றேன். முதியவர் வெட்டுண்ட அடியின் பக்கத்தில் குந்தியிருந்தார். மழையில் நனைந்து கறுத்த அக்கட்டையின் ஓரத்தில், செம்பு நிறத் தளிர் ஒன்று ஒரு விரற்கடை அளவு எழுந்து நின்றது!

'கிள்ளவில்லையா, ஐயா?' என்றேன்.

'இந்த ஆண்டு ஆழ்வார் பொறுத்துக்கொள்வார், தம்பி. தளிர் கொடியிலேயே இருக்கட்டும்' என்றார்.

அன்று வெறுங்கையோடு சந்நிதிக்குச் சென்று அவர் சேவித்து நின்ற நிலை இன்றும் என் கண்ணில் நிற்கின்றது. அன்பை அகலாகவும், ஆர்வத்தை நெய்யாகவும், உருகும் சிந்தையைத் திரியாகவும் கொண்டு ஞான விளக்கேற்றிய ஆழ்வாருக்கு, கிள்ளாமல் விட்ட அத்தளிரைவிட உயர்ந்த காணிக்கை வேறு என்ன இருக்க முடியும்?

அதன்பின் நாங்கள் இருவரும் பழைய கற்கால்கள் எட்டைத் தேடியெடுத்து இப்பந்தலை நட்டோம். மூன்றாம் ஆண்டு மாசியில் கொடி மீண்டும் பூத்தது. காய்கள் பறந்து முடிந்தபின் வைகாசியில் எந்தக் கிளையைக் கழிப்பது, எதனை விடுவது என்பதை அவர் எனக்குக் கற்பித்தார். முப்பதாண்டு கற்பித்தவன் எழுபது வயதுக்காரரிடம் மாணவனானேன். அவர் பரமபதம் எய்தி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மகிழமும் நலமாக இருக்கின்றது. குருக்கத்தியும் நலமாக இருக்கின்றது. இரண்டிற்கும் இடையே பத்தடி தூரமும், ஆண்டுக்கொருமுறை கத்தரிக்கும் கையுமே வேண்டியிருந்தன.

மெய்யன்பர்களே! இப்போது மற்றொரு செய்தி எழுந்துள்ளது. விழாக் காலங்களில் வரும் ஊர்திகளை நிறுத்த இடம் போதவில்லை. ஆதலால் நந்தவனத்தின் மேல்பாதியில் மண்ணை மூடிக் கல் பாவிவிடலாம் என்று சிலர் கருதுகின்றனர். அவர்கள் சொல்லும் தேவை உண்மையானது. தொலைவிலிருந்து வரும் முதியோரும் குழந்தைகளும் வெயிலில் நெடுந்தூரம் நடந்து வருவதை நானும் காண்கிறேன். ஆயினும், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் விரைந்து சொன்ன ஒரு சொல்லை இன்று குழுவினர் விரைந்து சொல்லிவிடலாகாது என்பதே என் வேண்டுகோள். கொடியை வெட்டினால் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கலாம், துளிர்த்ததைக் கண்டோம். வேரின்மேல் மழைநீர் இறங்காதபடி சுண்ணமும் கல்லும் பரப்பிவிட்டால், துளிர்ப்பதற்கு அதற்கு வழி ஏது?

நந்தவனத்தின் தெற்கே, மதிலை ஒட்டி, செடி எதுவும் இல்லாத வெற்றிடம் இருக்கிறது. ஊர்திகளுக்கு அதனை ஒதுக்கலாம். இடம் இன்னும் வேண்டுமாயின், பந்தலின் நிழல் விழும் அளவிற்கேனும் மண்ணைத் திறந்து விட்டு அதற்கப்பால் கல் பாவலாம். இவற்றோடு, ஆண்டுதோறும் வைகாசியில் கொடியைக் கழித்துவிடும் பணியை இளைஞர் ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்ததை அவருக்குக் கற்பிக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். பாவாத மண் இருந்தும் பராமரிக்கும் கை இல்லையேல் இக்கொடி மீண்டும் மகிழத்தின்மேல் ஏறும். அப்போது மீண்டும் யாரோ ஒருவர் அரிவாளை எடுப்பார்.

முடிவாக ஒரு சொல். இக்கொடிக்கு அதிமுக்தம் என்று ஒரு பெயர் உண்டென்று தொடக்கத்தில் கூறினேன். வெண்மையில் முத்தை வென்றது என்று அதற்குப் பொருள் கூறுவர். முற்றும் விடுபட்டது என்றும் பொருள் கொள்ள இடமுண்டு. வாழ்நாள் முழுதும் எதையேனும் பற்றியே நிற்கும் ஒன்றிற்கு, விடுபட்டது என்னும் பெயர் எவ்வாறு பொருந்தும் என்று நான் பல நாள் எண்ணியதுண்டு. பந்தலின் உச்சியிலிருந்து சிறகு விரித்துச் சுழன்று செல்லும் காய்களைக் கண்ட ஒரு பங்குனி மாலையில் அதற்கு விடை கிடைத்தது. தரையில் கிடந்த கொடியின் காய் தரையிலேயே விழும். பற்றி உயர்ந்த கொடியின் காய்க்கே காற்றில் நெடுந்தூரம் செல்லும் பேறு வாய்க்கின்றது. பற்றுகளை விடுவதற்குப் பற்றற்ற இறைவனைப் பற்ற வேண்டும் என்று வள்ளுவர் பெருமான் காட்டிய நெறியை, எழுத்தறியாத இக்கொடி ஆண்டுதோறும் நமக்கு நடித்துக் காட்டுகின்றது.

நாளை காலை திருக்கலசங்களில் புனித நீர் சேர்ந்தபின், எம்பெருமானுக்குச் சாத்தப்பெறும் முதல் மாலையில் துளசியோடு இக்குருக்கத்திப் பூவும் இருக்கும். அம்மாலையைச் சேவிக்கும்போது, நாற்பது ஆண்டுகள் இம்மண்ணில் குனிந்து பணி செய்து, பெயர் பொறித்த கல் ஒன்றும் இல்லாமல் சென்ற அந்த முதியவரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நாம் நடவேண்டிய கல், அவர் வேரை மூடாத கல்லாக இருக்கட்டும்.

எல்லோரும் இன்புற்று வாழ எம்பெருமான் திருவருள் புரிவானாக!